வீட்டில் கேட்டு வளர்ந்த மொழியில் தேர்வு எழுதலாமா?

சீன வீட்டில் பிறந்த பிள்ளை சீன மொழித் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினால் அதில் என்ன பெருமை இருக்கிறது என்று கேட்பவர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர். அவர்களில் ஒரு சாரார், அதே மொழியைப் பள்ளியில் ஆனா ஆவன்னாவிலிருந்து படித்து அதே தேர்வை எழுதும் பிள்ளைகளின் பெற்றோர். அவர்களுடைய மனக்குறை புரிந்துகொள்ளக்கூடியதுதான். இன்னொரு சாரார் சீனப் பெற்றோர்களே. தங்கள் பிள்ளை சுலபமான வழியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டதாகக் கல்லூரிச் சேர்க்கை அலுவலர் நினைத்துவிடுவாரோ என்பது அவர்கள் கவலை. கொரிய வீடுகளிலும் ஸ்பானிஷ் பேசும் வீடுகளிலும் இதே கேள்வி பல காலமாக உலவிவருகிறது. நியூஜெர்சியில் வார இறுதித் தமிழ்ப்பள்ளி ஒன்றில் உயர்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் என்னிடம், சில ஆண்டுகளாகத் தமிழ்ப் பெற்றோர்களும் இதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

தயக்கமில்லாமல் எழுதலாம் என்பதே என் பதில். ஆனால் அதைக் கல்லூரிச் சேர்க்கைக்கான துருப்புச் சீட்டாக நினைத்து எழுதினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஹெரிடேஜ் ஸ்பீக்கர் என்று இங்குள்ள கல்வித்துறை அழைக்கும் இந்தப் பிள்ளைகளுக்குத் தேர்வால் கிடைக்கும் உண்மையான ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. காதால் மட்டுமே வந்த மொழியைக் கண்ணாலும் கையாலும் பழக வைக்கும் ஒரு கட்டாயத்தைத் தேர்வு தருகிறது. அந்த வேலையை அது செய்யுமா என்பதை வைத்தே எழுதுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்த விவாதம் சூடு பிடித்தது எஸ்.ஏ.டி. பாடத் தேர்வுகள் இருந்த காலத்தில். கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுவான எஸ்.ஏ.டி. தேர்வுக்கு அப்பால், ஒரு மணி நேரத்தில் முடியும் தனிப்பாடத் தேர்வுகளையும் அதை நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்திவந்தது. அவற்றில் மொழிகளும் இருந்தன. ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்குக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதியோடு கூடிய தேர்வு நவம்பர் மாதத்தில் மட்டும் நடக்கும். அதற்குப் பிள்ளைகள் தங்கள் சொந்த சி.டி. பிளேயரையும் இயர்போனையும் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பது விதி, சி.டி. என்ற பொருள் கடைகளிலிருந்தே மறைந்துகொண்டிருந்த காலத்திலும் அந்த விதி மாறவில்லை. சீன மொழித் தேர்வின் சராசரி 800-க்கு 750-ஐத் தாண்டியிருந்தது. எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் அம்மொழியை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை. விளைவாக 800 வாங்குவது ஒரு சாதனையாகவே தெரியாமல் போனது. ஒன்றிரண்டு கேள்விகளில் தவறி 760 வாங்கிய பிள்ளையோ ஏதோ தோற்றுவிட்டதைப் போலத் தலைகுனிந்து நின்றது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் இப்பாடத் தேர்வுகளில் மூன்றைக் கட்டாயமாக்கியிருந்த காலம் ஒன்று உண்டு. எழுத்து, கணிதம் ஆகிய இரண்டும் எல்லோருக்கும் பொது. மூன்றாவது மாணவரின் விருப்பம். அந்த மூன்றாவது இடத்தில் ஏராளமானோர் தங்கள் வீட்டு மொழியை வைத்தார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளியின் மகளுக்கும், லாஸ் ஏஞ்சலிஸில் சலவைக் கடை நடத்தும் கொரியத் தம்பதியின் மகனுக்கும் இது வசதியாக அமைந்தது என்பதே சிலருக்கு உறுத்தலாக இருந்தது. 2012-இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து அப்பல்கலைக்கழகம் பாடத் தேர்வுக் கட்டாயத்தையே நீக்கிவிட்டது. ஹார்வர்டு வேறு விதமாக நடந்துகொண்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத விண்ணப்பதாரர்கள், இரண்டு பாடத் தேர்வு என்ற தேவையை நிறைவுசெய்யத் தங்கள் முதல் மொழியில் எழுதிய தேர்வைப் பொதுவாகப் பயன்படுத்த வேண்டாம் என்று விண்ணப்பக் குறிப்பிலேயே சொல்லிவைத்தது. அந்த ஒரு வரி பெற்றோர்களிடையே பல மடங்கு பெருகி, வீட்டு மொழித் தேர்வு எழுதினாலே கெடுதல் என்ற வதந்தியாக மாறிவிட்டது. அது அப்படிச் சொல்லவே இல்லை. இரண்டு இடங்களில் ஒன்றை இதைக் கொண்டு நிரப்பாதே, கூடுதலாக வேண்டுமானால் அனுப்பு என்பதுதான் அதன் பொருள்; இன்றைக்கும் பொருந்தும் நல்ல அறிவுரைதான் அது.

2021 ஜனவரியில் காலேஜ் போர்டு பாடத் தேர்வுகள் அனைத்தையும் நிறுத்திவிட்டது. இப்போது மிஞ்சியிருப்பது, பள்ளியில் படிக்கும்போதே கல்லூரித் தரத்தில் எழுதும் ஏ.பி. தேர்வுகள். சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் 2007-இல் முதல் ஏ.பி. தேர்வு நடந்தது. ஒரு மணி நேரம் விடைகளைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பதோடு முடிந்துபோன பழைய தேர்வைப் போன்றதன்று இது. பல ஆண்டுகளாக வழக்கில் இருக்கும் வடிவத்தில், நான்கு படங்களைப் பார்த்து ஒரு கதையை எழுத வேண்டும். ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டும். கணினி கேட்கும் ஆறு கேள்விகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 20 வினாடியில், பேசிப் பதில் சொல்ல வேண்டும். பண்பாடு சார்ந்த ஒரு தலைப்பில் இரண்டு நிமிடம் உரையாற்றவும் வேண்டும். எழுதுவது விசைப்பலகையில் என்பதால், எழுத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியும், கையால் எழுத வராது என்ற நிலையில் இருக்கும் பிள்ளைகளும் சமாளித்துவிடுகிறார்கள். இருந்தாலும் வீட்டில் அம்மாவோடு பேசும் சீனத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதில் உயர்ந்த மதிப்பெண்ணான 5-ஐ எட்ட முடியாது.

காலேஜ் போர்டு ஏ.பி. மொழித் தேர்வுகளின் முடிவுகளை இரண்டு கணக்காக வெளியிடுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. எழுதிய அனைவருக்குமான கணக்கு ஒன்று. அந்த மொழியை வகுப்பறைக்கு வெளியே வழக்கமாகக் கேட்காத, பேசாத, அம்மொழி வழங்கும் நாட்டில் ஒரு மாதமோ அதற்கு மேலோ வாழாத பிள்ளைகளுக்கான கணக்கு மற்றொன்று. சீன மொழியில் இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. எழுதுபவர்களில் சுமார் பாதிப் பேர் 5 வாங்கிவிடுகிறார்கள் என்ற செய்தியைப் பார்த்து மலைக்கும் பெற்றோர், இரண்டாவது கணக்கையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. தேர்வை நடத்துபவர்களுக்கே இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். சேர்க்கை அலுவலர்களுக்கும் தெரியும். தெரியாமல் யாரும் ஏமாறவில்லை என்னும்போது, ஏமாற்று என்ற சொல்லை எடுப்பதில் பொருளில்லை.

இனி நியாயம் பற்றிய கேள்வி. ஒரு பிள்ளை தன் முயற்சியால் அல்லாமல் பிறப்பால் பெற்றதற்கு மதிப்பெண் வாங்கலாமா என்று கேட்பவர்கள், அந்தக் கேள்வியை ஆங்கிலத்தை நோக்கி ஒரு முறையும் திருப்புவதில்லை. கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வில் பாதி ஆங்கில வாசிப்பும் எழுத்தும்தான். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்டு, படுக்கையில் ஆங்கிலக் கதை கேட்டுத் தூங்கிய பிள்ளை அந்தப் பகுதியில் பெறும் மதிப்பெண்ணைப் பார்த்து, இது உன் வீட்டு மொழிதானே, இதைக் கழித்துவிடலாமா என்று எந்தக் கல்லூரியும் கேட்டதாக நான் அறியேன். பத்து வயதில் இந்த நாட்டுக்கு வந்து, இரண்டாம் மொழியில் அதே தேர்வை எழுதும் பிள்ளைக்கு, வீட்டு மொழி கணக்கில் வரும் ஒரே இடம் இந்த மொழித் தேர்வுதான். டெக்சாஸில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள் சிலர் எட்டாம் வகுப்பிலேயே ஏ.பி. ஸ்பானிஷ் எழுதித் தேறுகிறார்கள். பள்ளி என்னும் இடத்தில் தாங்கள் கெட்டிக்காரர்கள் என்பதை முதன்முதலில் அவர்கள் அங்கேதான் உணர்கிறார்கள். அந்தத் தேர்வை அவர்களிடமிருந்து பறிப்பதற்கு நியாயம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எதிர்த்தரப்புக்கு வலுவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மதிப்பெண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தரவரிசையாக்கி அதை வைத்தே இடம் ஒதுக்கும் முறை இருக்கும் இடத்தில், இந்தக் கேள்வி உண்மையிலேயே கடினமானது. ஆஸ்திரேலியா அப்படிப்பட்ட நாடு. விக்டோரியா மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்புச் சீன மொழியை முதல் மொழி, இரண்டாம் மொழி, இரண்டாம் மொழி உயர்நிலை என்று பிரித்து, சீனம் வழங்கும் நாட்டில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாய், எத்தனை காலம் சீன வழியில் படித்தாய் என்பதையெல்லாம் கேட்டு, எந்தத் தேர்வுக்கு யார் தகுதி என்று முடிவு செய்கிறார்கள். இத்தனை வேலி போட்டும், வீட்டுத் தொடர்பு இல்லாத பிள்ளைகள் சீன வகுப்பிலிருந்து விலகிப்போகிறார்கள் என்ற புலம்பல் ஓயவில்லை. அதே மாநிலத்தில் தமிழும் பள்ளி இறுதித் தேர்வுப் பாடம். எழுதுபவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே தமிழ் வீட்டுப் பிள்ளைகள் என்பதால் இந்தச் சச்சரவு அங்கே எழுவதில்லை. அமெரிக்காவில் ஏ.பி. மதிப்பெண் அப்படிப்பட்ட தரவரிசைக்குள் போவதில்லை. ஒருவரின் 5 இன்னொருவரின் 4-ஐக் கீழே தள்ளுவதும் இல்லை.

தமிழுக்கு ஏ.பி. கிடையாது, எந்த இந்திய மொழிக்கும் கிடையாது. எங்கள் பிள்ளைகளுக்கு இருப்பது இருமொழி எழுத்தறிவு முத்திரை. 2011-இல் கலிபோர்னியா சட்டமாக்கித் தொடங்கிவைத்தது இது. நியூஜெர்சிக்கு 2016-இல் வந்தது. பள்ளிப் படிப்பு முடியும்போது, ஆங்கிலத்திலும் இன்னொரு மொழியிலும் குறிப்பிட்ட திறன் இருப்பதாகச் சான்று காட்டினால் பட்டயத்தில் முத்திரை பதிப்பார்கள். அதற்கான தேர்வுகளில் தமிழுக்கு இடம் உண்டு. அவாண்ட் நிறுவனத்தின் ஸ்டாம்ப் தேர்வு அவற்றுள் ஒன்று. கணினியின் முன்னால் உட்கார்ந்து, தரப்படும் தலைப்புகளில் தமிழில் தட்டச்சுச் செய்யவும் பேசிப் பதிவு செய்யவும் வேண்டும். தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை என்று ஒன்பது படிகள். நியூஜெர்சி கேட்பது இடைநிலையின் நடுப்படி, அதாவது ஐந்தாவது.

வீட்டு மொழிப் பிள்ளைக்கு எல்லாம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை உடைவதை இந்தத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பில்தான் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி; பேச்சில் மடை திறந்த வெள்ளம். திருநெல்வேலியிலிருந்து வந்த பாட்டியைப் பற்றிக் கேட்டால், விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கிடைக்காமல் திண்டாடியது முதல், பெட்டி நிறைய அல்வாவையும் கருப்பட்டியையும் பார்த்துச் சுங்க அதிகாரி விழித்தது வரை ஒரே மூச்சில் சொல்வாள். அதையே எழுதச் சொன்னால், “பாட்டி வந்தாங்க. நாங்க ஏர்போர்ட் போனோம். வீல்சேர் இல்ல. அப்பா கோவமா பேசினாங்க” என்று நான்கு வரியோடு கை நின்றுவிடும். ஒரு நாள் நிமிர்ந்து கேட்டாள்: “ஆன்ட்டி, நான் பேசுற மாதிரியே எழுதுனா மார்க் கொறச்சிருவாங்களா?”

“பேசுற மாதிரி எழுதினதுக்காகக் குறைக்க மாட்டாங்கம்மா. நீ பேசினதுல பாதியக்கூட எழுதலையே, அதுக்குத்தான் குறைப்பாங்க” என்றேன்.

மதிப்பிடுபவர் பார்ப்பது அதைத்தான். தனித்தனி வாக்கியங்களாக உதிர்ந்து கிடக்கிறதா, ஒன்றோடொன்று கோத்து வருகிறதா, நடந்ததையும் நடக்கப்போவதையும் குழப்பமில்லாமல் சொல்ல முடிகிறதா என்பதே படிகளைப் பிரிக்கும் கோடு. பேச்சில் அவள் குரலாலும் கையசைவாலும் வாக்கியங்களைக் கோத்துவிடுகிறாள். எழுத்தில் அந்த வேலையைச் செய்யும் ‘என்பதால்’, ‘இருந்தபோதிலும்’, ‘அதற்குள்’ போன்றவை அவளுடைய வீட்டுத் தமிழில் புழங்குவதே இல்லை. பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தூரம் உள்ள நம் மொழியில், அந்தத் தூரத்தை நடந்து கடக்க வைக்க வீட்டில் யாருக்கும் நேரமில்லை. எங்கள் வாராந்திர வகுப்பும் போதாது. தேர்வுத் தேதி ஒன்று குறித்தாகிவிட்டது என்றால் மட்டும் பிள்ளை சிறுவர் கதைகளை உட்கார்ந்து படிக்கிறது, தமிழ்த் தட்டச்சு பழகுகிறது. வகுப்பில் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பையன் ஒருவனும் இருக்கிறான். அவன் தயக்கம் வேறு. ‘கதைச்சனான்’ என்று பேசினால் அதைத் தவறு என்று எண்ணிவிடுவார்களோ என்று வாயே திறக்காமல் இருந்தான். அது தவறே இல்லை என்று சொல்லி அவனைப் பேசவைப்பதற்குள் பருவத்தில் பாதி ஓடிவிட்டது. தமிழ் முழுதாகப் புரிந்தும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிப் பழகிய பிள்ளைகளும் உண்டு. ‘வீட்டு மொழிதானே, சுலபம்’ என்று சொல்பவர்கள் இவர்களில் யாரையும் மனத்தில் வைத்துப் பேசுவதாகத் தெரியவில்லை.

சேர்க்கைக்கு இதனால் என்ன பயன் என்று கறாராகக் கேட்டால், கொஞ்சம்தான். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்திலேயே எந்தெந்த மொழி தெரியும், பேசுவாயா, படிப்பாயா, எழுதுவாயா, வீட்டில் பேசுகிறீர்களா என்று கேட்கும் கட்டங்கள் இருக்கின்றன. தமிழ்ப் பெயர் கொண்ட பிள்ளைக்குத் தமிழ் தெரியும் என்பது அதைப் படிப்பவருக்கு வியப்பளிக்கும் செய்தியன்று. எழுதப் படிக்கவும் தெரியும் என்பதை வெளியார் ஒருவர் சோதித்துச் சொன்னது கூடுதல் மதிப்பு. அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் சேர்ந்த பிறகு கிடைக்கும் பயன் கண்கூடானது. பல பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற அயல்மொழித் திறன் கட்டாயம். ஏ.பி. மதிப்பெண்ணோ, அந்தந்தத் துறை வைக்கும் தகுதித் தேர்வோ அந்தக் கட்டாயத்தைத் தீர்த்துவைக்கும். பெர்க்லி, பென்சில்வேனியா, சிகாகோ போன்ற, தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களில் மேல் வகுப்பில் நேராகச் சேரவும் வழி செய்யும். இல்லினாய் மாநிலத்தில், முத்திரை பெற்ற மாணவருக்குப் பொதுப் பல்கலைக்கழகங்களும் சமுதாயக் கல்லூரிகளும் மொழிப்பாடக் கிரெடிட் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தமிழில் தேர்ச்சி காட்டியாகிவிட்டது, இனிப் பள்ளியில் ஸ்பானிஷ் வகுப்பு வேண்டாம் என்று விட்டுவிடும் போக்கு பரவிவருகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், ஆங்கிலம் அல்லாத மொழியில் இரண்டு ஆண்டுப் படிப்பு என்ற தன் நிபந்தனையை, வீட்டு மொழியறிவைப் பள்ளி முதல்வர் சான்றளிப்பதன் மூலமும் நிறைவுசெய்ய அனுமதிப்பது உண்மைதான். எல்லாக் கல்லூரிகளும் அப்படியல்ல. உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டுகள் ஒரு மொழியைப் படித்திருப்பதைப் பாடத்திட்டத்தின் கனத்துக்கு அடையாளமாகப் பார்க்கும் கல்லூரிகள் ஏராளம். அதைவிட, மூன்றாவது மொழி ஒன்றை இலக்கணத்தோடு அடியிலிருந்து கற்ற பிள்ளைகள் தமிழ் வகுப்பிலும் வேகமாகப் பிடித்துக்கொள்வதை நான் பார்த்துவருகிறேன்.

இன்னொரு பயமும் உண்டு. கூட்டத்தில் பேசாமல் காதோடு காதாகப் பேசுவார்கள். ஆசியப் பிள்ளை ஆசிய மொழித் தேர்வை எழுதினால், எல்லோரையும் போல இன்னொரு ஆசியப் பிள்ளை என்று ஒதுக்கிவிடுவார்கள் என்பது அது. 2023 ஜூன் மாதம், இனத்தைக் கணக்கில் எடுக்கும் சேர்க்கை முறையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்த பிறகும் இந்தப் பயம் தீரவில்லை. இனக் கட்டத்தைப் பார்க்க முடியாதவர் மொழியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார் என்று புது வடிவம் எடுத்திருக்கிறது. பதினாறு எழுத்தில் பெயரும், பரதநாட்டிய அரங்கேற்றமும், வார இறுதித் தமிழ்ப்பள்ளியில் தொண்டும் விண்ணப்பத்தில் இருக்கும்போது, மொழித் தேர்வை மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது? தன் வீட்டைப் பற்றி வெட்கப்பட வேண்டும் என்று பதினாறு வயதில் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு ஈடாக எந்தக் கல்லூரி இடமும் எனக்குத் தோன்றவில்லை.

தமிழுக்கு ஏன் பெரிய தேர்வு இல்லை என்ற கேள்விக்கு, எண்ணிக்கை போதாது என்பார்கள். அது முழு விடை அன்று. கொரிய மொழிக்கு எஸ்.ஏ.டி. தேர்வு 1997-இல் வந்தது, சாம்சங் நிறுவனம் கொடுத்த 5 லட்சம் டாலர் நன்கொடையாலும், கொரிய அமெரிக்கப் பெற்றோர்களின் விடாப்பிடியான இயக்கத்தாலும். ஏ.பி. சீனத்துக்குச் சீன அரசின் பண உதவி இருந்தது. ஏ.பி. இத்தாலியம் 2009-இல் பணப் பற்றாக்குறையால் நின்று, இத்தாலிய அரசும் இத்தாலிய அமெரிக்க அமைப்புகளும் கைகொடுத்த பிறகு மீண்டது. ஏ.பி. சீனத்தோடும் இத்தாலியத்தோடும் சேர்த்து அறிவிக்கப்பட்ட ஏ.பி. ரஷ்யம் இன்றுவரை வரவே இல்லை. நம்மவர்களுக்குப் பணம் திரட்டத் தெரியாது என்றும் சொல்ல முடியாது: ஹார்வர்டு தமிழ் இருக்கைக்காக உலகெங்குமிருந்து 60 லட்சம் டாலர் சேர்ந்தது; அதில் தமிழ்நாடு அரசு தந்தது 10 கோடி ரூபாய். ஆய்விருக்கை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதே உழைப்பில் ஒரு பங்கு, பள்ளிப் பிள்ளைகள் எழுதக்கூடிய, நான்கு திறன்களையும் சோதிக்கும், கல்லூரிகள் எளிதில் அடையாளம் காணக்கூடிய தமிழ்த் தேர்வு ஒன்றுக்காகச் செலவிடப்பட்டிருந்தால், ஆண்டுதோறும் எத்தனை பிள்ளைகள் தமிழில் ஒரு பக்கம் எழுதப் பழகியிருப்பார்கள் என்ற எண்ணம் வராமல் இல்லை.

கடைசியாக, எப்போது எழுதுவது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பெற்றோர் அதிகம் தவறவிடுவது இதைத்தான். பதினோராம் வகுப்பில் இயற்பியலும் கால்குலஸும் பிள்ளையின் கழுத்தைப் பிடிக்கும்போது தமிழுக்கு நேரம் ஒதுக்கச் சொல்வது வீண். ஒன்பதாம் அல்லது பத்தாம் வகுப்பே ஏற்ற காலம். முதல் முறை ஐந்தாம் படி கிடைக்காவிட்டாலும் மறுபடி எழுத அவகாசம் இருக்கும். தங்கள் பள்ளி மாவட்டம் எந்தத் தேர்வை ஏற்கிறது, தமிழ்ப்பள்ளியில் படித்த ஆண்டுகளுக்குக் கிரெடிட் தருமா என்பதைப் பள்ளி ஆலோசகரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆலோசகர் மாறினால் வாய்ச்சொல்லும் மாறிவிடும். வேறு மொழியில் ஏ.பி. எழுத விரும்புபவர்கள், தங்கள் பள்ளியில் அந்தப் பாடம் இல்லாவிட்டாலும் தேர்வை மட்டும் எழுத முடியும். மே மாதத் தேர்வுக்குப் பள்ளிகள் நவம்பர் நடுவிலேயே எண்ணிக்கையைச் சொல்லிவிட வேண்டும் என்பதால், அக்கம்பக்கத்தில் எந்தப் பள்ளி வெளி மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறது என்று செப்டம்பரிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள்.